பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வந்தா: தனக்காவை துடைச்சுட்டு பாருங்க

குழந்தை பிறந்து ரெண்டு மூணு நாள்ல உடம்பு லேசா மஞ்சளாகுறது பாதிக்கு மேல குழந்தைங்களுக்கு வர்றதுதான், நாலஞ்சு நாள்ல கொஞ்சம் ஏறி ரெண்டு வாரத்துக்குள்ள தானா இறங்கிடும், அதுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா பர்மால இருக்கிற தமிழங்க நாம இன்னொண்ணையும் மனசுல வச்சுக்கணும். இங்க ஜி6பிடி குறைபாடுன்னு ஒரு பரம்பரைக் கோளாறு ரொம்ப சகஜம். மலேரியா தலைமுறை தலைமுறையா இருந்த நாடுகள்லதான் இது அதிகம், உலகத்துல 40 கோடி பேருக்கு மேல இருக்கு, பர்மால அதிகமா பார்க்கிற வகைக்கு மஹிடோல்னு பேரு. பர்மியங்களுக்கும் கரேன்களுக்கும் மட்டும்தான் வரும்னு நினைச்சுடாதீங்க, நம்ம ஆளுங்களுக்கும் வரும்.

ரத்தத்துல சிவப்பணுவைக் காப்பாத்துற ஜி6பிடிங்கிற என்சைம் இந்தக் குறை இருக்கிறவங்களுக்கு கம்மி. சும்மா இருக்கும்போது ஒண்ணும் தெரியாது, சில மருந்தோ சில பொருளோ பட்டா சிவப்பணு மளமளன்னு உடையும், உடைஞ்சா பிலிரூபின்கிற மஞ்சள் சத்து ஏறும், பிறந்த குழந்தையோட ஈரலுக்கு அதை வெளியேத்த இன்னும் தெம்பு இருக்காது. அளவு மீறி மூளைக்குள்ள போச்சுன்னா காது கேட்காம போறது, கைகால் தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கிறதுன்னு வாழ்நாள் முழுக்க இருக்கும். நேரத்தோட பார்த்தா இது அத்தனையும் தடுக்கலாம், அதுக்குத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல எப்படி பார்க்கிறதுன்னு சொல்றேன். நம்ம வீடுகள்ல குழந்தை மூஞ்சில ஒருபக்கம் தனக்கா (மரப்பட்டையை அரைச்சுப் பூசுற பர்மியப் பூச்சு), இன்னொருபக்கம் குளிப்பாட்டும்போது மஞ்சள், ரெண்டும் சேர்ந்தா டாக்டரே வந்தாலும் நிறம் தெரியாது. முதல் ரெண்டு வாரம் ரெண்டையும் நிறுத்திடுங்க, பாட்டிங்க கோவிச்சுக்கிட்டா பரவால்ல. பகல்ல ஜன்னல் பக்கம் குழந்தையைக் கொண்டு போங்க, டியூப்லைட் வெளிச்சம் ஏமாத்தும். நெத்திலயோ மூக்குலயோ விரலால லேசா அழுத்தி எடுங்க, எடுத்த உடனே அந்த இடம் வெளுப்பா தெரியுதா மஞ்சளா தெரியுதான்னு பாருங்க, அப்புறம் நெஞ்சு, வயிறு, தொடை, உள்ளங்காலு. மஞ்சள் மேல இருந்து கீழதான் இறங்கும், வயித்தைத் தாண்டி காலுக்கு வந்துடுச்சுன்னா அளவு நல்லா ஏறியிருக்குன்னு அர்த்தம். நம்ம குழந்தைங்க கொஞ்சம் கருப்பா இருந்தா தோல்ல சரியா தெரியாது, கண்ணு வெள்ளையையும் ஈறையும் பாருங்க. கண்ணால பார்க்கிறது சந்தேகப்படறதுக்கு மட்டும்தான், அளவை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

எப்போ உடனே ஓடணும்னா, பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளயே மஞ்சள் தெரிஞ்சா, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானா, பால் குடிக்க எழுப்பினாலும் எழுந்திருக்காம துவண்டு கிடந்தா, கீச்சுன்னு வித்தியாசமா அழுதா, உடம்பை வில்லு மாதிரி பின்னாடி வளைச்சா, காய்ச்சலோ வலிப்போ வந்தா. நாளைக்கு காலைல பார்க்கலாம்னு வைக்காதீங்க. ராத்திரி ரோட்டுல போறது இப்போ எவ்வளவு கஷ்டம்னு தெரியும், அதனாலதான் சந்தேகம் வந்தா பகல்லயே கிளம்பிடுங்கன்னு சொல்றேன், யாங்கோன்ல இருந்தா நேரா குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கே போங்க, பகோ, மோல்மேன் பக்கம்னா போட்டோதெரபி லைட் இருக்கான்னு போன்ல கேட்டுட்டு போங்க. அந்த நீல வெளிச்சம்தான் பிலிரூபினை மாத்தி மலத்துலயும் மூத்திரத்துலயும் வெளிய போக வைக்கும், அதுக்கும் அடங்கலன்னா ரத்தம் மாத்துவாங்க. காலை வெயில்ல காமிச்சா போதும்கிற பேச்சை நம்பி ரெண்டு நாளை விட்டுடாதீங்க.

இப்போ நம்ம வீட்டு டிரங்க் பெட்டி விஷயம். பிறந்த குழந்தைக்கு புதுத் துணி போடக்கூடாதுன்னு பாட்டியோட பழைய பருத்திச் சேலை, தாத்தாவோட லுங்கியை எடுத்து கிழிச்சு சுத்துவோம், நல்ல பழக்கம்தான், மெத்துன்னு இருக்கும். ஆனா பெட்டியைத் திறந்த உடனே குப்புன்னு வருமே ஒரு வாசனை, அதுதான் ஆபத்து. அந்துருண்டைல இருக்கிற நாப்தலின் ஜி6பிடி குறைஞ்ச குழந்தையோட சிவப்பணுவை உடைச்சுப் போடும், மூச்சு வழியாவும் போகும் தோல் வழியாவும் போகும், எண்ணெய் தேய்ச்ச உடம்புல இன்னும் சுலபமா உள்ள இறங்கும், நாமளோ எண்ணெய் தேய்க்காம குழந்தையை விடறதில்ல. அதனால கர்ப்பத்துல மாசம் ஏழு எட்டு ஆகும்போதே வீட்டுல இருக்கிற அந்துருண்டை எல்லாத்தையும் எடுத்து வெளிய போட்டுடுங்க, பெட்டித் துணி வேண்டாம், வேற பழைய துணியை துவைச்சு வெயில்ல காய வச்சு எடுத்து வைங்க, குழந்தை படுக்கிற ரூம்ல இருக்கிற போர்வை, கொசுவலை, அலமாரி எல்லாம் மோந்து பாருங்க. மார்ல தைலம் தடவுறது, கற்பூர எண்ணெய், சேனை வைக்கிறது, கடைல விக்கிற நாட்டுப் பொடி, இது எதுவும் வேண்டாம். சீம்பாலும் தாய்ப்பாலும் மட்டும் ஒரு நாளைக்கு எட்டுல இருந்து பன்னெண்டு தடவை குடுங்க, பால் கம்மியாச்சுன்னாலே மஞ்சள் ஏறும்.

சொந்தத்துல யாருக்கு இருக்குன்னு கேட்கணும்னா அம்மா பக்கம்தான் முதல்ல கேட்கணும். இது எக்ஸ் குரோமோசோம்ல வர்றது, அம்மாகிட்ட இருந்து பையனுக்குப் போகும், அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாமலே இருக்கலாம், அவங்க கேரியரா, அதாவது குறையை சுமக்கிறவங்களா இருந்தா ஒவ்வொரு பையனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தாய்மாமாவுக்கு சின்ன வயசுல மாத்திரை சாப்பிட்டு மூத்திரம் காப்பி கலர்ல போச்சா, மூத்த பையன் பிறந்தப்போ லைட்ல வச்சாங்களான்னு கேளுங்க. நம்ம வழக்கப்படி தாய்மாமாவையே கட்டியிருந்தா, மாமாவுக்கு இருந்து பொண்ணும் கேரியரா இருந்தா, பிறக்கிற பொண்ணுக்கும் முழுசா வரலாம், அதனால பொண்ணுதானேன்னு பரிசோதனையை விடாதீங்க.

ஜி6பிடி டெஸ்டுக்கு கொஞ்சூண்டு ரத்தம் போதும். ஒரு விஷயம் மட்டும் கவனம், சிவப்பணு உடைஞ்ச சமயத்துல எடுத்தா புது அணுக்கள்ல என்சைம் கூட இருக்கிறதால நார்மல்னு வந்துடலாம், மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுங்கன்னு டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க.

குறைபாடு இருக்குன்னு தெரிஞ்சா தடுப்பூசி கார்டு மேலயே பர்மியத்துல பெருசா எழுதி வைங்க. பெரியவனானதும் மலேரியா வந்தா வைவாக்ஸ் வகைக்கு பிரிமாகுயின் குடுப்பாங்க, கார்டைக் காட்டாம அதை வாங்கிச் சாப்பிடவே கூடாது, தொழுநோய்க்குக் குடுக்கிற டாப்சோனும் அப்படித்தான். தெருமுனை மருந்துக்கடைல நாலு மாத்திரையை ஒண்ணா கலந்து பொட்டலம் கட்டித் தர்றதை வாங்காதீங்க, உள்ள என்ன இருக்குன்னே தெரியாது. பாக்லா கொட்டையும் (ஃபாவா பீன்ஸ்) ஆகாது. தடுப்பூசி எல்லாம் தாராளமா போடலாம், சரியான அளவுல பாராசிட்டமாலும் குடுக்கலாம்.

ரெண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகல, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பா போகுதுன்னா அது வேற வியாதி, பித்தக்குழாய் அடைப்பா இருக்கலாம், 60 நாளுக்குள்ள ஆபரேஷன் பண்ணாதான் நல்ல பலன் கிடைக்கும், நாப்கினோட ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க.