தாத்தா இருந்த கம்பத்துச் சடக்கை திரும்பக் கண்டுபிடிக்கிறது எப்படி

சிங்கப்பூர் செம்பவாங் ரோட்ல பஸ் போகும்போதெல்லாம் எங்கப்பா ஜன்னல் பக்கம் விரலை நீட்டி "அங்கதான், அங்கதான் நம்ம வீடு"ம்பாரு. நான் திரும்பிப் பாக்குறதுக்குள்ள பஸ் தாண்டிடும், அப்படியே பாத்தாலும் அங்க என்ன இருக்கு, மரமும் வேலியும்தான். தாத்தா நேவல் பேஸ்ல வேலை பாத்தவரு, அப்பா பொறந்து வளந்தது எல்லாம் சோங் பாங் கம்பத்துல, கம்பம்னா கிராமம். ரெண்டு வருஷமா விட்டு விட்டு தேடி இப்ப ஒரு பெரிய பேப்பர்ல அந்த சடக்கையும் (ரோட்டைத்தான் அப்படி சொல்வாங்க) ரெண்டு பக்கத்து வீடு, கடை, கிணறு எல்லாத்தையும் வரைஞ்சு வச்சிருக்கேன். எப்படி செஞ்சேன்னு சொந்தக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஆளாளுக்கு சொல்றதுக்கு பதிலா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல கம்ப்யூட்டரை மூடி வைங்க. நான் செஞ்ச முதல் தப்பு நேரா ஆர்க்கைவ்ஸ் (தேசிய ஆவணக் காப்பகம்) வெப்சைட்டுக்கு போனதுதான், மூணு ராத்திரி போச்சு, ஒண்ணும் புரியல, ஏன்னா எதைத் தேடுறோம்னே எனக்குத் தெரியாது. பெரியவங்க இருக்கும்போதே அவங்ககிட்ட போங்க, பேப்பர் எங்கயும் ஓடிடாது.

ஆனா கேக்குற விதம் இருக்கு. "எந்த வருஷம் வீடு கட்டுனீங்க"ன்னு கேட்டா பெரியவங்க ஏதோ ஒரு வருஷத்தை சொல்லிடுவாங்க, நாமளும் எழுதி வச்சுக்கிட்டு அதையே நம்பிடுவோம். அப்படி கேக்காதீங்க. "வாசல்ல நின்னா இடது கைப்பக்கம் யாரு வீடு, அதுக்கு அடுத்தது என்ன, பள்ளிக்கூடம் போகும்போது எந்தக் கடையைத் தாண்டுவீங்க, ராத்திரி பயமா இருக்குற இடம் எது"ன்னு கேளுங்க. எங்க அத்தைகிட்ட வருஷம் கேட்டப்ப "யாருக்கு ஞாபகம்"னு முடிச்சுட்டாங்க, தண்ணி எங்க புடிச்சீங்கன்னு கேட்டேன் பாருங்க, அரை மணி நேரம் பேசுனாங்க, பொதுக் குழாய், வரிசை, யாரு யாரோட சண்டை போட்டாங்கன்றது வரைக்கும்.

வீடு மாறின கதைக்கும் இதே வழிதான். எங்க வீடு முதல்ல அத்தாப்பு, அதாவது ஓலைக் கூரை, பலகைச் சுவரு, மண்தரை. அப்புறம் கூரை தகரம் ஆச்சு, அப்புறம் தரைக்கு சிமெண்ட் போட்டாங்க, முன்பக்கம் பாதி சுவரு மட்டும் கல்லு வச்சு கட்டுனாங்க. கூரை எப்ப மாறுச்சுன்னு யாருக்கும் வருஷம் தெரியாது, ஆனா சிமெண்ட் போட்டது பெரிய அத்தை கல்யாணத்துக்கு முன்னாடின்னு எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க. கல்யாண பத்திரிகையில தேதி இருக்கு, முடிஞ்சுது. கல்யாணம், சாவு, புள்ளை பொறந்தது, வெள்ளம், இதுங்கதான் நம்ம வீட்டு காலண்டர், கட்டடத்தை அதுல கட்டிப் போடுங்க.

அடுத்தது பேரு. நம்மாளுங்க சொல்ற பேரு மேப்ல இருக்காது. ரோட்டை சடக்குன்னு சொன்ன தலைமுறை அது, மைல் கணக்கை கட்டைம்பாங்க, ஆறாங்கட்டை ஏழாங்கட்டைன்னு. அந்த மைல்கல்லெல்லாம் ஜெனரல் போஸ்ட் ஆபீஸ்லருந்து, அதாவது இன்னைக்கு ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் இருக்குற இடத்துலருந்து எண்ணுனது, கோவன் பக்கத்தை சீனவங்க இன்னமும் ஆறாங்கல்லுன்ற அர்த்தத்துல சொல்றாங்க. கிராஸ் ஸ்ட்ரீட்டுக்கு பழைய தமிழாளுங்க வச்ச பேரு பால்கடைச் சடக்கு. சோங் பாங்கே முன்னாடி வெஸ்ட்ஹில், அப்புறம்தான் அந்தக் காலத்து தொழிலதிபர் லிம் நீ சூனோட மகன் லிம் சோங் பாங் பேரை வச்சாங்க, இப்ப அந்தப் பேரு ஈசூன் நகருக்குள்ள இருக்கு, ஈசூன்ற பேரே நீ சூனோட மாண்டரின் எழுத்துதான். அதனால ஒரு பேரை மட்டும் போட்டு தேடுனா பாதி கதை வராது. தெரிஞ்ச எல்லா பேரையும், எல்லா ஸ்பெல்லிங்கையும் ஒரு தாள்ல எழுதிக்கிட்டு தேடுங்க.

இன்னொண்ணு, ஒரே பேரு ரெண்டு இடத்துக்கு இருக்கும். தேக்கா மார்க்கெட்னு பெரியவங்க சொன்னா சிராங்கூன் ரோட்டுக்கு எந்தப் பக்கம்னு கேட்டே ஆகணும். 1915ல கட்டுன பழைய மார்க்கெட் எதிர்ப்பக்கம், இன்னைக்கு தேக்கா பிளேஸ் நிக்கிற மூலையில இருந்துச்சு, 1982லதான் இப்ப இருக்குற கட்டடத்துக்கு வந்தாங்க, அதுக்கும் முதல்ல ஜூஜியாவ் சென்டர்னுதான் பேரு, 2000லதான் தேக்கா சென்டர்னு மாத்துனாங்க. "மார்க்கெட்டுக்கு எதிர்ல எங்க மாமா கடை"ன்னு ஒருத்தர் சொன்னதை வச்சு நான் ஒரு மாசம் தப்பான பக்கத்துல தேடிக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் வீட்டு பீரோ. பொறப்புப் பத்திரத்துல விலாசம் இருக்கும், பழைய பில், பள்ளிக்கூட ரிப்போர்ட் புக், ஊர்லருந்து வந்த கடுதாசி, எதையும் தூக்கிப் போடாதீங்க. உறையில தேதி அழிஞ்சு போயிருந்தாலும் போஸ்டல் கோடை வச்சு ஓரளவு சொல்லிடலாம், சிங்கப்பூர் 27ன்னு ரெண்டு இலக்கம் இருந்தா 1950க்கு அப்புறம், நாலு இலக்கம் 1979லருந்து, ஆறு இலக்கம் 1995லருந்து. கம்பத்து வீட்டு நம்பர் மட்டும் உங்களைக் குழப்பும், வரிசையா இருக்காது, ஒரு நம்பருக்கு பின்னாடி ஏ, பி, கோடு போட்டு இன்னொரு நம்பர்னு போயிட்டே இருக்கும், அதை வச்சு பக்கத்து வீட்டை கணிக்கப் பாக்காதீங்க.

மலிவா கிடைக்கிற ஆனா யாரும் தொடாத ஒரு சாமான் இருக்கு, கோயில் கும்பாபிஷேக மலர். கான்பரா ரோட்ல இருந்த புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயில் இப்ப ஈசூன் இண்டஸ்ட்ரியல் பார்க் பக்கம் இருக்கு, இந்த மாதிரி இடம் மாறின கோயில்களோட மலர்ல பழைய இடத்து போட்டோ, நன்கொடை குடுத்தவங்க பேரு எல்லாம் கிடைக்கும். எனக்கு அதை விட புடிச்சது கடைசிப் பக்கத்து விளம்பரங்கள், மளிகைக் கடை, டெய்லர், விலாசத்தோட. ஆசீர்வாத உரையெல்லாம் புரட்டிட்டு நேரா பின்னாடி போங்க.

இவ்வளவும் கையில இருந்தா இப்ப கம்ப்யூட்டரைத் திறங்க. என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) வச்சிருக்குற பழைய வரைபட வெப்சைட்ல பல வருஷத்து மேப்பை இன்னைய மேப் மேல வச்சுப் பாக்கலாம். 1954லருந்து வந்த ஸ்ட்ரீட் டைரக்டரியும் ரொம்ப உதவும், நூலகத்துல கேளுங்க. மேப்ல உங்க வீட்டைத் தேடாதீங்க, மாறாத ஒண்ணைப் புடிங்க. ரோடு வளையுற இடம், ரெண்டு ரோடு சேர்ற முனை, ரயில் பாதை. எனக்கு கை குடுத்தது கம்பத்துல இருந்த சுல்தான் தியேட்டர், எங்க வீட்டு ஆளுங்க எல்லாருக்கும் தியேட்டர்லருந்து நடந்து போற வழி மட்டும் மறக்கவே இல்ல. ஓடையை நம்பாதீங்க, அதை நேராக்கி கான்க்ரீட் கால்வா ஆக்கியிருப்பாங்க.

பழைய செய்தித்தாளுக்கு நூலக வாரியத்தோட நியூஸ்பேப்பர்எஸ்ஜி வெப்சைட். தமிழ் முரசு 1935லருந்து வருது, ஆங்கிலப் பேப்பர் அதுக்கும் ரொம்ப முன்னாடியே. கம்பத்துப் பேரோட தீ, வெள்ளம், கிணறு, லாரி, கள்ளுக்கடைன்னு சேத்துப் போட்டுத் தேடுங்க, ஏன்னா நல்லா இருந்த நாளைப் பத்தி எந்தப் பேப்பரும் எழுதாது. சில பக்கத்தை வீட்லருந்து படிக்க முடியாது, விக்டோரியா ஸ்ட்ரீட்ல இருக்குற தேசிய நூலகத்துக்கே போகணும், போர்வை மாதிரி ஒரு ஜாக்கெட் எடுத்துட்டுப் போங்க, குளிரு தாங்காது. ஆர்க்கைவ்ஸ்ல 1979ல ஆரம்பிச்ச வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள்ல தமிழ்லயும் ஆளுங்க பேசியிருக்காங்க, உங்க பேட்டையைப் பத்தி யாரோ ஒருத்தர் சொல்லியிருக்க வாய்ப்பு உண்டு.

கம்பமா இல்லாம டவுன்ல கடைவீட்ல (கீழ கடை, மேல வீடு) இருந்த குடும்பம்னா உங்களுக்கு அதிர்ஷ்டம், கட்டடமே நிக்கும். லிட்டில் இந்தியாவை 1989ல பாதுகாப்புப் பகுதியா அறிவிச்சுட்டாங்க, அதனால டன்லப் ஸ்ட்ரீட், கெர்பாவ் ரோடு பக்கம் ஒரு காலையில நடந்தாலே நூறு வருஷத்தைப் படிச்சுடலாம். மாடியில ஒண்ணு ரெண்டு ஜன்னல், அலங்காரம் எதுவும் இல்லாம குட்டையா இருந்தா 1840லருந்து 1900க்குள்ள வர்ற ஆரம்பகால பாணி. மூணு ஜன்னல் நெருக்கமா, பூ வேலைப்பாடு, கலர் ஓடு இருந்தா 1900லருந்து 1940க்குள்ள. நேர்க்கோடா மொழுமொழுன்னு இருந்தா ஆர்ட் டெக்கோ, 1930க்கு அப்புறம். உச்சியில வருஷம் பொறிச்சிருந்தா சந்தோஷம், ஆனா அது இடிச்சுக் கட்டுன வருஷமாவும் இருக்கலாம். அஞ்சடியில, அதாவது கடை முன்னாடி இருக்குற கூரை போட்ட நடைபாதையில, நடக்கும்போது கீழயும் பாருங்க, 1822ல ராஃபிள்ஸ் போட்ட திட்டத்துலருந்து எல்லாக் கடைக்கும் முன்னாடி அஞ்சடி விடணும்னு ஆச்சு, ஆனா கடைக்குக் கடை படி ஏறி இறங்கும், தரை ஓடு மாறும், எந்தக் கடையில தனியா கட்டட வேலை நடந்துச்சுன்னு அதுலயே தெரியும். கலரை மட்டும் நம்பாதீங்க, கெர்பாவ் ரோட்ல 1900ல கட்டுன டான் டெங் நியா வீட்டுக்கு முன்னாடி எல்லாரும் போட்டோ எடுக்குறாங்க, அந்த வானவில் பெயிண்ட் பின்னாடி வந்தது. கடைவீட்டுக்கு ஆர்க்கைவ்ஸ்ல பழைய கட்டட பிளான் கிடைச்சாலும் கிடைக்கும், கம்பத்து வீட்டுக்கு அந்த ஆசையே வேணாம்.

போட்டோ பாக்கும்போது முகத்தை விட்டுட்டு பின்னாடி பாருங்க. கூரை மேல டிவி ஏரியல் தெரிஞ்சா 1963க்கு அப்புறம், டிவி வந்ததே அந்த வருஷம்தான். கார் நம்பர் ஈ-ல ஆரம்பிச்சா 1972க்கு முன்னாடி இருக்க முடியாது. எங்க வீட்டு ஆல்பத்துல "1960"ன்னு பின்னாடி எழுதி இருந்த போட்டோவுல ஏரியல் தெரியுது, எழுதுன சித்தப்பா இன்னமும் ஒத்துக்க மாட்டேங்குறாரு.

கம்பம் போன கதையையும் எழுதிடுங்க. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) 1960ல வந்துச்சு, நிலம் எடுக்குற சட்டம் 1966ல, அதுக்கப்புறம் ஒவ்வொரு கம்பமா போச்சு. அதிகாரி வந்து வீட்டை அளந்தது, தென்னை மரத்தை எண்ணுனது, எந்த வீவக புளோக்குக்கு யாரு போனாங்க, இதை யாரும் சொல்லாமலே விட்டுடுவாங்க, கொஞ்சம் வற்புறுத்தியாவது கேளுங்க. பக்கத்து வீட்டு மலாய்க்காரங்க, சீனவங்க எந்த புளோக்குக்குப் போனாங்கன்னு தெரிஞ்சா அவங்க புள்ளைங்ககிட்டயும் பேசுங்க, எங்க சடக்கோட அந்தக் கோடி முழுக்க எனக்கு அப்படித்தான் கிடைச்சுது.

வரையும்போது பென்சில்தான், பேனா வேணாம். ஒருத்தர் சொன்னது ஒரு கலர், மேப்ல பாத்தது இன்னொரு கலர். கிணறு வீட்டுக்குப் பின்னாடின்னு அப்பா சொல்றாரு, பக்கவாட்டுலன்னு அத்தை சொல்றாங்க, ரெண்டு பேரும் அதுல தண்ணி இறைச்சவங்கதான். எந்த மேப்லயும் அந்தக் கிணறு இல்ல. இப்போதைக்கு என் பேப்பர்ல ரெண்டு கிணறு இருக்கு.