மறுமணமாகிப் பிள்ளையோடு சித்தூர்ப் பக்கம் வருபவர்களுக்கு

முதல் திருமணத்துப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சியிலிருந்தோ கோவையிலிருந்தோ கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் குடிவருகிறீர்களா? கடையிலும் பஸ்ஸிலும் தமிழே போதும், ஊர் அந்நியமாகத் தெரியாது. ஆனால் தாலி கட்டியதாலேயே புதுக் கணவர் சட்டப்படி பிள்ளைக்கு அப்பா ஆகிவிடமாட்டார். பள்ளி ரிஜிஸ்டரில் அவர் பெயரை எழுதிவிடு என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளியில் வேறொரு பெயர் என்றால் நாளைக்கு அலையப்போவது பிள்ளைதான்.

புதுக் கணவர் பிள்ளையை முறைப்படி தத்தெடுக்க 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது. தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் (CARA) கேரிங்ஸ் (CARINGS) இணையதளத்தில் நீங்களும் அவரும் சேர்ந்து பதிய வேண்டும். தாள்களை ஸ்கேன் செய்ய, கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா இருக்கிறது. சந்தேகம் வந்தால் மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். 2022 செப்டம்பரிலிருந்து தத்து உத்தரவு தருபவர் மாவட்ட ஆட்சியர். இங்கே குடியிருந்தால் பாலக்காடு கலெக்டர்.

கஷ்டமான இடம், பெற்ற அப்பாவின் சம்மதம். அவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் வேண்டும். உயிரோடு இருந்தால், விவாகரத்துத் தீர்ப்பில் பிள்ளை உங்களிடம் என்று இருந்தாலும் அது மட்டும் போதாது. தத்து முடிந்ததும் அவருக்கும் பிள்ளைக்கும் சட்ட உறவு அறுந்துவிடும், அதனால்தான் அவர் கையெழுத்தைக் கேட்கிறார்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால், அவர் மதிக்கும் பெரியவர் ஒருவரைப் பேசச் சொல்லிப் பாருங்கள். பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு நடந்துகொண்டிருந்தால், அது முடிந்த பிறகுதான் இதைத் தொடங்க முடியும்.

5 வயது நிரம்பிய பிள்ளையின் சம்மதமும் வேண்டும். ஆபீசில் போய் நின்றுதான் பிள்ளைக்கு விஷயம் தெரியவேண்டும் என்று வைக்காதீர்கள். வீட்டில், அவசரமில்லாத ஒரு நாளில் சொல்லுங்கள். "பழைய அப்பாவை மறக்கணுமா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். அதுதான் உண்மையும்கூட. இறந்த அப்பாவின் நிலம் ஏற்கெனவே பிள்ளைக்கு வந்திருந்தால், அதுவும் பிள்ளையுடையதாகவே இருக்கும்.

அப்புறம், மொழி. மலையாளத் தாளில் 'ரண்டானச்சன்' என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், மாற்றாந்தந்தை என்றுதான் பொருள். படிக்கத் தெரியாத தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது.

உத்தரவு கைக்கு வந்ததும், பிறப்பு பதிவான ஊருக்கே போய்ப் புதுப் பிறப்புச் சான்றிதழ் வாங்குங்கள். ஆதாரும் பள்ளியும் அதற்குப் பிறகு.