டோர்ட்டுகேரோ: சாலையில்லாத கரீபியன் கரைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

கோஸ்டா ரிகாவின் வடகிழக்கில், கரீபியன் கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒரு மணல்திட்டு. அதன்மேல் ஒரு சின்னக் கிராமம், டோர்ட்டுகேரோ. சாலை கிடையாது. படகு, இல்லாவிட்டால் சிறு விமானம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது இறங்கிக் குளிக்கிற கடல் இல்லை. நீரோட்டம் ஆளை இழுத்துவிடும், சுறாவும் உண்டு. ஆமை முட்டையிடுவதைப் பார்க்கத்தான் இங்கே போகிறோம்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

பச்சை ஆமைகள் (நம் கடற்கரையில் பேராமை என்பார்கள்) ஜூலை முதல் அக்டோபர் வரை கரையேறும். ஆகஸ்ட், செப்டம்பர் உச்சம். மழை வருஷம் முழுக்க உண்டு, அதற்குப் பயந்தால் இங்கே போகவே முடியாது. செப்டம்பர், அக்டோபரில் பசிபிக் பக்கம் கொட்டித் தீர்க்கும்போது இந்தப் பக்கம் கொஞ்சம் ஓய்ந்திருக்கும். அதனால் என் ஓட்டு செப்டம்பருக்கு. விசா விதிகளை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தூதரகத்தில் கேட்டுவிடுங்கள்.

2. பஸ், பஸ், படகு

தலைநகர் சான் ஹோசேயின் கரீபியன் பஸ் நிலையத்திலிருந்து கரியாரி என்ற ஊருக்குக் காலையிலேயே கிளம்புங்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பணம் எடுப்பதைக் கரியாரியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அங்கே பஸ் மாறினால் வாழைத் தோட்டங்கள் வழியாக லா பவோனா. அது ஊர் இல்லை, படகுத்துறை மட்டும்தான். அங்கிருந்து ஆற்றில் சுமார் ஒரு மணி நேரம். பையைச் சிறியதாக வைத்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கட்டுங்கள். மாலைக்கு மேல் படகு இல்லை என்பதை மறக்காதீர்கள்.

3. தங்குவது

கால்வாய்க்கு அக்கரையில் பெரிய லாட்ஜுகள் இருக்கின்றன. நான் கிராமத்துக்குள் தங்கத்தான் சொல்வேன். தேங்காய்ப்பாலில் வெந்த சோறும் பீன்ஸும் அங்கேதான் நன்றாகக் கிடைக்கும். குறைந்தது இரண்டு இரவுகள் வையுங்கள். ஒரு ராத்திரி ஆமை வராமல் போனாலும் இன்னொரு ராத்திரி இருக்கும்.

4. ஆமை இரவு

இருட்டிய பிறகு கடற்கரைக்குத் தனியாகப் போக அனுமதி இல்லை. உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் போக வேண்டும். பகலிலேயே ஒருவரைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கறுப்போ கருநீலமோ உடுத்துங்கள். கேமரா, போன், டார்ச் மூன்றையும் அறையிலேயே வைத்துவிடுங்கள். வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.

கரையில் ஆமை தேடுகிறவர்கள் சேதி சொன்னதும் குழு நகரும். ஆமை முன்துடுப்பால் தன் உடம்பு அமுங்கும் அளவுக்குப் பள்ளம் தோண்டி முடிக்கும்வரை தள்ளியே நிற்க வேண்டும். முட்டையிட ஆரம்பித்த பிறகுதான் கிட்டே போகலாம். அப்போது அது எளிதில் மிரளாது. வழிகாட்டி பின்பக்கமாகச் சிவப்பு விளக்கைப் பிடிப்பார். பின்துடுப்பு கை போல வளைந்து மணலை அள்ளி எடுத்த குழி தெரியும். ஈரமான வெள்ளை முட்டைகள் இரண்டும் மூன்றுமாக விழும், மொத்தம் நூறுக்கு மேல். பெரிதாக மூச்சு விடும் சத்தம் நன்றாகவே கேட்கும். அந்த நேரம் தயவுசெய்து பேசாதீர்கள்.

ஒரு காலத்தில் இந்த ஊர் ஆமை பிடித்துப் பிழைத்தது. 1950களில் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விலங்கியலாளர் இங்கே வந்து ஆய்வைத் தொடங்கினார். 1975ல் தேசியப் பூங்கா வந்தது. இன்று ஊரில் பலருக்கு வழிகாட்டி வேலைதான் சோறு. உள்ளூர் ஆளுக்கே உங்கள் காசு போகட்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

5. கால்வாய்

விடியற்காலை ஆறு மணிக்குத் துடுப்புப் படகில் போங்கள். மோட்டார் படகு வேண்டாம், சத்தத்தில் பாதி உயிரினங்கள் ஒளிந்துகொள்ளும். ஊளைக் குரங்கின் குரல், கரையோர வேரில் கெய்மன் முதலை, தண்ணீர்மேல் ஓடும் பசிலிஸ்க் பல்லி எல்லாம் அந்த நேரத்துக்குத்தான். பூங்காவின் நடைபாதை சேறு. ரப்பர் பூட்ஸ் ஊரிலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

6. குளிக்க ஆசையா?

அப்புறம் தெற்கே கிளம்புங்கள். கால்வாய் வழியாகவே மொயின் துறைமுகத்துக்குப் படகு உண்டு. பக்கத்திலிருக்கும் லிமோன் நகரிலிருந்து பஸ்ஸில் கவீத்தா என்ற ஊர். அங்குள்ள தேசியப் பூங்காவின் ஊர்ப் பக்க வாசலில் நுழைந்தால் பிளாயா பிளாங்கா என்ற வெண்மணல் கடற்கரை. அங்கே கட்டணம் கிடையாது, நன்கொடைதான். கடல் அமைதியாக இருக்கும் நாளில், எச்சரிக்கைக் கொடியின் நிறத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.