தொழில் படிக்கும் பிள்ளைக்கு நினைவுப் புலமைப்பரிசில்: நாம் விடும் பிழைகள்

என் பெரியப்பா மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் முப்பது வருடம் வெல்டிங் பட்டறை நடத்தியவர். அவர் காலமான பிறகு, திவசச் செலவைச் சுருக்கி, தொழிற்பயிற்சிக்குப் போகும் ஒரு பிள்ளைக்கு அவர் பேரில் புலமைப்பரிசில் கொடுப்பது என்று குடும்பமாக முடிவெடுத்தோம். வெளிநாட்டில் இருக்கும் மச்சான்மார் காசு அனுப்பினார்கள். எல்லோருக்கும் நல்ல மனம்தான். ஆனாலும் முதல் வருடமே பிழையாகிப் போனது.

முழுத் தொகையையும் ஆண்டுத் திவசத்தன்று, படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, மேடையில் வைத்துக் கொடுத்தோம். வாங்கியவர் மண்டூர்ப் பையன், மின் வயரிங் படித்தவர். கார்த்திகை கடைசியில் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். தேடிப் போனபோது அவருடைய அம்மா சொன்னார்: "பாதையும் ஓடல்ல தம்பி, இவன்ட அப்பாவுக்கும் தோணி இறக்க ஏலாது." பாதை என்றால் வாவியைக் கடக்கும் மிதவை. கொடுத்த காசு மாரிக்கு முன்னமே கூரைத் தகரத்துக்குப் போயிருந்தது. அந்த வீட்டில் நான் இருந்திருந்தாலும் தகரம்தான் வாங்கியிருப்பேன்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே பாதை நின்றால் பட்டிருப்புப் பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். வெள்ளம் ஏறினால் அந்த றோட்டும் சந்தேகம். கூலி வேலையும் மீன்பிடியும் படுக்கிற அதே மாதங்களில்தான் பஸ் செலவும் கூடுகிறது. ஆகவே காசை மாதாமாதம், பிள்ளையின் பேரில் உள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களுக்குக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். அரச பயிற்சி நிலையங்களில் பல பாடநெறிகளுக்குக் கட்டணம் இல்லை, அல்லது குறைவு. பிள்ளைகளை இடையில் நிறுத்துவது பஸ் காசும் பகல் சாப்பாடும்தான்.

அப்புறம் இன்னொரு பிழை, வகுப்பு முடிந்ததும் புலமைப்பரிசிலையும் முடித்துவிடுவது. வகுப்புக்குப் பிறகு பல பாடநெறிகளில் வேலைத்தளப் பயிற்சி உண்டு. கராஜிலோ, கட்டட வேலையிலோ, சில வேளை கொழும்பிலோ மாதக்கணக்கில் நிற்க வேண்டும். அங்கே கிடைப்பது சிறிய படி, சில இடங்களில் அதுவும் இல்லை. அறை வாடகைக்கு வழியில்லாமல் அந்தக் கட்டத்தில் திரும்பி வரும் பிள்ளைக்குச் சான்றிதழும் தள்ளிப் போகிறது. தொகை சிறியது என்றால் வகுப்புக் காலத்தில் குறைத்தாவது இதற்கு ஒதுக்கி வையுங்கள்.

தெரிவு செய்யும் முறையிலும் பிழை விடுகிறோம். விண்ணப்பப் படிவத்தில் எடுத்த எடுப்பிலேயே சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேற்றைக் கேட்கிறோம். கணிதத்தில் தவறியதால்தான் பல பிள்ளைகள் இந்தப் பக்கம் வருகிறார்கள். அதே அளவுகோலால் திரும்பவும் அளந்தால் அவர்களுக்கு எங்கேதான் இடம்? வரவுப் பதிவைப் பாருங்கள், போதனாசிரியரிடம் பேசுங்கள். வறுமையை நிரூபிக்க கிராம சேவகரின் கடிதம் ஒன்று போதும். வீட்டுக்குப் போய்ப் படம் எடுக்காதீர்கள். பெண் பிள்ளை என்றதும் தையல், அழகுக்கலை என்று நாமே எழுதிவிடுவதையும் நிறுத்த வேண்டும்.

பயிற்சி நிலையத்தைச் சரிபார்க்காமல் காசு கட்டுவது வேறொரு வகைப் பிழை. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதிவாகியிருப்பது ஒன்று. அந்தக் குறிப்பிட்ட பாடநெறி அங்கீகாரம் பெற்றிருப்பது வேறொன்று. இரண்டையும் கேளுங்கள். என்.வி.கியூ என்று நாம் சொல்லும் தேசிய தொழில் தகைமை 1 முதல் 7 வரை மட்டங்கள் கொண்டது. 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். பிள்ளை எந்த மட்டத்துக்குப் படிக்கிறார், அடுத்த மட்டத்துக்கு அதிலிருந்து ஏற முடியுமா என்று தெரிந்துகொண்டே கொடுங்கள். சுவரில் மாட்டுகிற சான்றிதழ் மட்டும் தரும் இடங்களும் இருக்கின்றன.

கருவிகள் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கடையில் பெட்டியோடு கிடைக்கும் மலிவான செட்டை வாங்கிக் கொடுப்பது நமக்குச் சுலபம். எங்கள் இரண்டாவது பிள்ளைக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த டெஸ்டரின் பிடி சில வாரங்களிலேயே வெடித்துவிட்டது. கரண்டில் கைவைக்கும் பிள்ளையிடம் அப்படி ஒன்றைக் கொடுத்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது. போதனாசிரியரிடம் பட்டியல் வாங்கி, குறைவான எண்ணிக்கையில் நல்லதாக வாங்குங்கள். வெல்டிங் என்றால் முகக்கவசம், தோல் கையுறை, சப்பாத்து மூன்றும் முதலில்.

கடைசியாக மூலதனம் பற்றி. "வைப்பில் போட்டு வட்டியில் என்றென்றும் கொடுப்போம்" என்று ஆசைப்படுவது இயல்பு. ஆனால் 5 இலட்சம் ரூபாய்க்கு வருடம் 8 சதவீதம் என்று வைத்தாலும் 40,000. மாதம் 3,333 ரூபாய்தான் வரும். விலைவாசி ஏற ஏற அதுவும் கரையும். ஐந்து வருடத்தில் முழுக் காசையும் செலவழித்து ஐந்து பிள்ளைகளை முழுதாகக் கரை சேர்ப்பது மேல் என்பது என் எண்ணம். மச்சான்மாரைச் சம்மதிக்க வைக்க நாள் எடுத்தது.

இப்போது திவசத்தன்று யாரையும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. விரும்பினால் சாப்பிட வருவார்கள். போன முறை வந்த ஒருவர், பட்டறைக் கேற்றின் பிணைச்சல் கழன்று கிடந்ததைக் கண்டு, பெரியப்பாவின் பழைய மெஷினைப் போட்டு அதை ஒட்டிவிட்டுத்தான் இலையில் உட்கார்ந்தார்.