குகை மண்ணைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குகைக்குள் மழை வெயில் படாது, அதனால் ஐம்பதாயிரம் வருடத்துக்கு முன்னால் விழுந்த எலும்பும் கல்லும் இன்றைக்கும் விழுந்த இடத்திலேயே இருக்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அகழாய்வுச் செய்திகளில், மாணவர்களின் கட்டுரைகளில், எல்லா இடத்திலும் இதைப் பார்க்கிறேன். மற்ற தவறுகள் பெரும்பாலும் இந்த நம்பிக்கையிலிருந்துதான் வருகின்றன. குகைத் தரையில் சேரும் மண், சேர்ந்த அன்றைக்கே மாறத் தொடங்கிவிடும்.

முதலில், அங்கே கிடப்பதெல்லாம் மனிதன் கொண்டுவந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூரையிலிருந்து கல் உதிரும், வாசல் வழியாகக் காற்று தூசியைக் கொண்டுவரும், பாறை வெடிப்புகள் வழியாக மேலேயிருந்து செம்மண் கரைந்து இறங்கும், வவ்வாலும் பறவையும் எச்சமிடும், கழுதைப்புலி இரையை இழுத்துவந்து கடித்துப் போடும். இத்தனைக்கும் நடுவில்தான் மனிதர் விட்டுப்போன சாம்பலும் கற்கருவிகளும் இருக்கின்றன.

அடுத்தது, என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு: எலும்பு கிடைக்கவில்லை என்றால் அங்கே யாரும் இறைச்சி தின்னவில்லை என்று முடிவு கட்டுவது. இஸ்ரேலின் கார்மேல் மலையில் இருக்கும் கெபாரா குகையை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு நெருங்கிய, இன்று அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால் மனிதர் சுமார் 60,000 வருடங்களுக்கு முன் வாழ்ந்த இடம். குகையின் சில பகுதிகளில் எலும்பு குவிந்து கிடக்கிறது, வேறு சில பகுதிகளில் அறவே இல்லை. இங்கே சாப்பிட்டார்கள், அங்கே தூங்கினார்கள் என்று கதை கட்ட எவ்வளவு வசதியான படம்! ஸ்டீவ் வைனர், பால் கோல்ட்பர்க், ஓஃபர் பார்-யோசஃப் ஆகிய ஆய்வாளர்கள் வேறு கேள்வி கேட்டார்கள்: அந்த மண்ணில் இப்போது என்ன கனிமங்கள் இருக்கின்றன?

விஷயம் இதுதான். வவ்வால் எச்சம் மக்கும்போது அமிலமும் பாஸ்பேட்டும் வரும், தண்ணீர் அதைக் கீழே இறக்கும். புது விறகுச் சாம்பல் பெரும்பாலும் கால்சைட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் அதே கனிமம். பாஸ்பேட் பட்டதும் அது எலும்பில் இருக்கும் அபடைட் வகைக் கனிமமாக மாறுகிறது. அமிலம் இன்னும் கூடினால் அதுவும் கரைந்து, அலுமினியமும் இரும்பும் கலந்த வேறு பாஸ்பேட்டுகள் உருவாகின்றன. அந்தக் கட்டம் வந்துவிட்ட மண்ணில் எலும்பு இருந்திருந்தாலும் கரைந்துபோயிருக்கும். கால்சைட்டோ அபடைட்டோ இன்னும் மிச்சமிருக்கும் மண்ணில் எலும்பு இல்லையென்றால்தான், உண்மையாகவே அங்கே எலும்பு போடப்படவில்லை என்று சொல்லலாம். கெபாராவில் இரண்டு வகை வெற்றிடமும் இருக்கிறது, வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இந்தச் சோதனை செய்யாத எலும்புக் கணக்கை நான் நம்ப மாட்டேன்.

நிறத்தை வைத்துத் தீ என்று சொல்வதும் இதே ரகம்தான். கருப்பு என்றால் கரி என்று அர்த்தமில்லை, மாங்கனீசுக் கறையும் மண்ணையும் எலும்பையும் கருப்பாக்கும். சிவப்பு இரும்பாகவும் இருக்கலாம். பீக்கிங் மனிதன் என்ற ஆதி மனிதனின் எலும்புகள் கிடைத்த சீனாவின் சோவ்கௌதியன் குகையில் சாம்பல் அடுக்குகள் என்று பல பத்தாண்டுகளாகப் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 1998-ல் வைனர் குழு பத்தாம் அடுக்கை ஆராய்ந்து, விறகுச் சாம்பல் கரைந்தபிறகும் தங்கவேண்டிய சிலிக்காத் துணுக்குகள் அங்கே இல்லை, அது தண்ணீர் கொண்டுவந்து சேர்த்த படிவு என்று காட்டியது. எரிந்த எலும்புகள் என்னவோ அங்கே உண்டு. பிறகு சீன ஆய்வாளர்கள் நான்காம் அடுக்கிலிருந்து தீக்கான சான்றுகளை முன்வைத்தார்கள், வாதம் இன்னும் ஓயவில்லை. இன்னொன்று, எரிந்த எலும்பு என்றாலே சமைத்தது என்று நினைக்காதீர்கள். பழைய எலும்பு புதைந்து கிடக்கும் தரையின் மேல் பிற்காலத்தவர் அடுப்பு மூட்டினால், சில சென்டிமீட்டர் ஆழம் வரை அந்த எலும்பும் கருகும்.

அப்புறம் தடிமன். ஒரு சாண் சாம்பல் சில நாட்களில் சேரலாம். இரண்டு அடுக்குக்கு நடுவில் மெல்லிய கோடாகத் தெரிவது, அரித்துப்போன பல ஆயிரம் வருடமாக இருக்கலாம். ஆழமானது பழையது என்ற விதியும் அடுக்கு சாய்ந்திருந்தால் குழம்பிவிடும். கெபாராவுக்குப் பக்கத்து தபூன் குகையில் படிவு சுமார் 25 மீட்டர். அடியில் இருக்கும் பள்ளத்தை நோக்கி அடுக்குகள் சரிந்திருக்கின்றன. அங்கே பத்து சென்டிமீட்டர், பத்து சென்டிமீட்டர் என்று மட்டமாக வெட்டினால் வேறு வேறு காலத்துக் கருவிகள் ஒரே பையில் விழும்.

வளை தோண்டும் பிராணிகளை மறக்காதீர்கள். ஈராக்கின் ஷானிதார் குகையில் ஒரு நியாண்டர்தால் உடலைச் சுற்றி மகரந்தம் கொத்தாகக் கிடைத்ததால், பூ வைத்துப் புதைத்தார்கள் என்ற கருத்து உலகம் முழுக்கப் பரவியது. அங்கே எலி வகைகளின் வளைகளும் உண்டு. மண்ணுக்குள் கூடு கட்டும் தேனீக்களே மகரந்தத்தைக் கொண்டுவந்திருக்கலாம் என்று 2023-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வாதிட்டது.

கூரைக்கல் நிறைய உதிர்ந்திருந்தால் அது கடுங்குளிர்க் காலத்து அடுக்கு என்று பிரான்சில் ஒரு காலத்தில் அட்டவணையே போட்டார்கள். நிலநடுக்கத்திலும் கல் உதிரும், பாறை கரைந்தாலும் உதிரும்.

சரி, களத்தில் என்ன செய்வது? தோண்டிய மண்ணைச் சலித்துக் கொட்டுவதற்கு முன்னால், வெட்டுச் சுவரிலிருந்து மண்ணைக் குலையாமல் கட்டியாக எடுங்கள், எந்தப் பக்கம் மேல் என்று அம்புக்குறி போடுங்கள். ரெசின் என்ற, இறுகும் பிசினை ஊற்றி இறுக்கி, 0.03 மில்லிமீட்டர் சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்தால் சாம்பல் அங்கேயே எரிந்ததா, வாரிக் கொட்டியதா, மிதிபட்டதா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பக்கத்திலேயே உதிரி மண்ணும் கொஞ்சம் எடுத்துக் கனிமச் சோதனைக்கு வையுங்கள். முழுக் குகையையும் தோண்டித் தீர்க்காமல் ஒரு பகுதியையாவது தொடாமல் விடுங்கள்.