அமெரிக்கச் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில் தொல்லியலாளராகப் பணியாற்றுவது எப்படி?

அமெரிக்காவில் தொல்லியலைத் தொழிலாகக் கொண்டவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்திலோ அருங்காட்சியகத்திலோ இல்லை. நெடுஞ்சாலை, எரிவாயுக் குழாய், உயர் அழுத்த மின்தடம், சூரிய மின் நிலையம் போன்றவை எழும்பும் முன்பு அந்த நிலத்தை ஆராய்ந்து அறிக்கை தரும் தனியார் ஆலோசனை நிறுவனங்களில் அவர்கள் இருக்கிறார்கள். பண்பாட்டு வள மேலாண்மை என்று அழைக்கப்படும் இத்துறையில் நுழைய விரும்புவோருக்கு, குறிப்பாகத் தமிழகத்தில் வரலாறோ தொல்லியலோ படித்துவிட்டு மேற்படிப்புக்காக அங்கே சென்றிருப்பவர்களுக்கு, வேலை எந்த ஒழுங்கில் நடக்கிறது, எதில் கவனம் தேவை என்பதை எழுத முற்படுகிறேன். பல்கலைக்கழக அகழாய்வில் ஆய்வாளர் தம் கேள்விக்கேற்ற இடத்தைத் தேர்ந்துகொள்கிறார். இங்கே இடத்தைத் தேர்வது சாலையின் வரைபடம். அந்த இடத்துக்கேற்ற கேள்வியைக் கண்டுபிடிப்பதுதான் நம் பொறுப்பு.

கருவிகளை வாங்குவதற்கு முன்பு சட்டத்தைப் படியுங்கள், ஏனெனில் இந்த வேலையே சட்டத்தால் உண்டானது. 1956க்குப் பிறகு மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளும் நகர்ப் புதுப்பிப்புத் திட்டங்களும் பழைய குடியிருப்புகளை அழித்துக்கொண்டே போனதும், நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கியதும் எழுப்பிய கோபத்தின் பின்னணியில் 1966இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மத்திய அரசின் பணமோ, நிலமோ, அனுமதியோ, உரிமமோ தொடர்புடைய எந்தத் திட்டமும் வரலாற்றுச் சின்னங்களை எப்படிப் பாதிக்கும் என்பதை முன்கூட்டியே கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதன் 106ஆம் பிரிவு கூறுகிறது. தனியார் ஒருவர் தம் நிலத்தில் கிடங்கு கட்டினாலும், அங்குள்ள சதுப்பு நிலத்தை நிரப்ப ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி தேவைப்பட்டால், இந்தப் பிரிவு அவரையும் தொட்டுவிடும். 1970ஆம் ஆண்டின் முதல் நாளில் கையெழுத்தான, மத்திய அரசின் செயல்கள் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று முன்பே ஆராயச் சொல்லும் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டமும் இதனோடு சேர்ந்ததால்தான் தொல்லியலாளரும் தாவரவியலாளரும் சதுப்பு நில வல்லுநரும் ஒரே நிறுவனத்தில் பணியாற்றுகிறார்கள்.

106ஆம் பிரிவு எதையும் காப்பாற்றியே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு, உரியவர்களைக் கலந்து, பிறகு முடிவெடு என்றுதான் சொல்கிறது. கட்டணம் தருபவர் திட்ட உரிமையாளர், முடிவெடுப்பது மத்திய அரசுத் துறை, அந்த முடிவை ஆராய்வது மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகம். அதற்குப் பொதுவாக 30 நாள் அவகாசம் உண்டு. அந்த நிலத்தோடு உறவுடைய பழங்குடி அரசுகளும் கலந்தாலோசிக்கப்பட வேண்டியவை. இவர்கள் அனைவரும் நம்பிப் படிக்கும் ஒரே ஆவணம் உங்கள் அறிக்கை என்பதால், இத்தொழிலில் கரண்டி பிடிக்கும் கையைவிட எழுதும் கைக்கே பொறுப்பு அதிகம் என்று நான் கருதுகிறேன்.

நுழைவு நிலையான களப்பணியாளர் வேலைக்கு மானுடவியலிலோ தொல்லியலிலோ இளநிலைப் பட்டமும் ஒரு களப்பள்ளிப் பயிற்சியும் பொதுவாக எதிர்பார்க்கப்படுகின்றன. களப்பள்ளி என்பது கோடையில் சில வாரங்கள் ஓர் அகழாய்விடத்தில் தங்கிப் பெறும் பயிற்சி. அதைத் தேர்ந்தெடுக்கும்போது, அகழாய்வோடு மேற்பரப்பாய்வும் ஆய்வகப் பணியும் கற்பிக்கும் இடமாகப் பாருங்கள். நிறுவனங்களில் பெரும்பகுதி நேரம் நடப்பதிலும் சிறு குழிகள் தோண்டுவதிலுமே கழியும். தொடக்கத்தில் வேலை பெரும்பாலும் ஒரு திட்டம் முடியும் வரைக்குமானதே. பத்து நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு என்ற சுழற்சி பரவலாக உண்டு. விடுதியில் தங்கி, நாட்படி பெற்று, ஊர் ஊராகப் போக வேண்டும். அந்தப் படி எவ்வளவு, பயண நேரத்துக்கு ஊதியம் உண்டா, அறையைப் பகிர வேண்டுமா என்பவற்றை ஒப்புக்கொள்ளும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

களத்துக்குப் போகும் முன்பு ஆவணத் தேடல். மாநிலத் தொல்லியல் பதிவேட்டில், திட்ட எல்லைக்குள்ளும் அதைச் சுற்றியும் ஏற்கெனவே பதிவான இடங்களை எடுக்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று பகுதிகள் கொண்ட குறியீடு இருக்கும்: முதலில் மாநில எண், பிறகு மாவட்டத்தின் எழுத்துச் சுருக்கம், இறுதியில் வரிசை எண். அலபாமாவுக்கு 1, டெக்சாஸுக்கு 41 என்று அகரவரிசையில் எண்கள் தரப்பட்டிருக்கின்றன. பின்பு பழைய நில அளவை வரைபடங்கள், நகரமாயின் சான்போர்ன் நிறுவனத்தின் தீக்காப்பீட்டு வரைபடங்கள், 1930களிலிருந்து கிடைக்கும் வான்வழிப் படங்கள், மண்வகை வரைபடங்கள் ஆகியவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். எந்த மேட்டில் வீடு இருந்தது, எந்த ஓடை திசைமாறியது, எங்கே மண் கொட்டி நிரப்பினார்கள் என்பது அப்போது புலப்படும்.

இதில் ஏற்படும் பிழை எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதற்கு நியூயார்க்கின் கீழ் மன்ஹாட்டனில் 1991இல் நடந்ததை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். 290 பிராட்வே என்ற முகவரியில் மத்திய அரசு அலுவலகக் கட்டடத்துக்காக நிலத்தைத் தோண்டியபோது, பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஆப்பிரிக்கர்கள் புதைக்கப்பட்ட இடுகாடு வெளிப்பட்டது. அது அங்கே இருந்தது பழைய வரைபடங்களில் தெளிவாகவே குறிக்கப்பட்டிருந்தது. ஆனால் பிற்காலக் கட்டடங்களின் நிலவறைகள் கல்லறைகளைப் பெரும்பாலும் அழித்திருக்கும் என்று கருதிவிட்டார்கள். தாழ்வான அந்நிலம் பிற்காலத்தில் பல மீட்டர் உயரத்துக்கு மண்ணிட்டு நிரப்பப்பட்டிருந்ததால், நிலவறைகளுக்குக் கீழே கல்லறைகள் கலையாமல் இருந்தன. 400க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்ட பிறகு, நகரின் கறுப்பினச் சமூகத்தின் எதிர்ப்பாலும் நாடாளுமன்றத் தலையீட்டாலும் 1992இல் தோண்டுவது நின்றது. ஆய்வுப் பொறுப்பு ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பிளேக்கி தலைமையிலான குழுவுக்கு மாறியது. 2003இல் அந்த எச்சங்கள் அனைத்தும் அங்கேயே மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன; 2006இல் அவ்விடம் தேசிய நினைவிடமாயிற்று. ‘அழிந்திருக்கும்’ என்ற ஊகத்தை உங்கள் அறிக்கையில் எழுத நேரும்போதெல்லாம், பழைய தரைமட்டம் எங்கே, நிரப்பிய மண்ணின் ஆழம் என்ன, அதை எங்கே துளையிட்டுச் சோதித்தோம் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். சோதிக்காமல் அந்தச் சொல்லை எழுதாதீர்கள்.

முதற்கட்ட ஆய்வு நிலத்தைப் பொறுத்து மாறும். மேற்கின் வறண்ட நிலங்களில் தரை வெளியே தெரிவதால், 15 முதல் 30 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடந்து கண்ணாலேயே தேடுவார்கள். கிழக்கின் காடுகளிலும் புல்வெளிகளிலும் தரை தெரியாது. அங்கே கட்டம் வகுத்து, பல மாநிலங்களில் 30 மீட்டருக்கு ஒன்றாக, மண்வெட்டிச் சோதனைக் குழிகள் தோண்டுவார்கள். இடைவெளியும் அளவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதால் அந்தந்த மாநில நெறிமுறையைக் கையில் வைத்திருங்கள். குழி சுமார் 30 செ.மீ. விட்டமுடையது. புல்தரையை ஒரே துண்டாக வெட்டி ஓரமாக வைத்து, சுவர்கள் நேராக நிற்குமாறு தோண்டி, மனிதத் தடயம் இருக்க வாய்ப்பில்லாத அடிமண் வரை இறங்க வேண்டும். தோண்டிய மண் முழுவதையும் கால் அங்குலக் கண்ணுடைய சல்லடையில் சலித்து, கிடைப்பதை அடுக்குவாரியாகப் பையிலிட்டு, பையின் மேல் விவரம் எழுதிய பின்பே அடுத்த அடுக்கைத் தொட வேண்டும்.

மண்ணின் நிறத்தை, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குறியீடு தரும் மன்செல் நிற அட்டையோடு ஒப்பிட்டு ‘10 ஒய்.ஆர். 4/3’ என்பது போன்ற குறியீட்டால் எழுதுவார்கள். வண்ணக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இயற்கை வெளிச்சத்தில் பாருங்கள். மண் ஈரமா, உலர்வா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லையெனில் இருவர் எழுதிய நிறங்கள் ஒத்துப்போகா. விரலிடையே மண்ணைப் பிசைந்து மணல், வண்டல், களி ஆகியவற்றின் பங்கை மதிப்பிடும் பழக்கம் சில வாரங்களில் வந்துவிடும். ஒரு குழியில் பொருள் கிடைத்தால், அதைச் சுற்றி நான்கு திசையிலும் நெருக்கமாகக் குழிகள் போட்டு, எங்கே தடயம் நின்றுபோகிறது என்று எல்லை காண வேண்டும்.

வெறுங்குழி பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான குழிகளில் எதுவும் இராது, நாள் முழுவதும் அப்படியே போகக்கூடும். மாலை நேரத்தில் ‘மேற்படி’ என்று எழுதி நகர்ந்துவிடக் கை துடிக்கும். அப்படிச் செய்யக் கூடாது. ‘இங்கே ஒன்றுமில்லை’ என்பதும் ஒரு கண்டுபிடிப்புதான்; அதை நம்பித்தான் கனரக இயந்திரம் உள்ளே வரப்போகிறது. ஆழம், அடுக்கு, நிறம், ஏன் அங்கே நிறுத்தினோம் என்ற காரணம் ஆகியவை இல்லாத வெறுங்குழிக் குறிப்பு, தோண்டாத குழிக்குச் சமம்.

பொருள்களை அடையாளம் காணும் அறிவை அமெரிக்கச் சூழலில் புதிதாகவே பெற வேண்டியிருக்கும். செர்ட் என்ற, கூர்விளிம்போடு உடையும் கடினக் கல்லை உடைத்துக் கருவி செய்தபோது சிதறிய சில்லுகளில் அடிபட்ட முனையருகே மெல்லிய புடைப்பு தெரியும். இயற்கையாக உடைந்த கல்லிலிருந்து அதைப் பிரித்தறியப் பழகுங்கள். வெட்டு ஆணிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு உரியவை. கம்பி ஆணிகள் 1890களுக்குப் பிறகே பெருவழக்காயின. கண்ணாடிப் புட்டியின் பக்கவாட்டு இணைப்புக்கோடு வாய் விளிம்பையும் கடந்து சென்றால், அது இருபதாம் நூற்றாண்டில் இயந்திரத்தில் செய்த புட்டி எனக் கொள்ளலாம்.

இரண்டாம் கட்டத்தில் ஒரு மீட்டர் சதுரக் குழிகள் தோண்டி, அவ்விடம், பாதுகாக்கத் தக்க வரலாற்று இடங்களின் மத்திய அரசுப் பட்டியலான தேசிய வரலாற்றுப் பதிவேட்டுக்குத் தகுதியுடையதா என்று மதிப்பிட வேண்டும். முக்கிய நிகழ்வு, முக்கிய மனிதர், கட்டமைப்புச் சிறப்பு, தகவல் தரும் ஆற்றல் என்று நான்கு அளவுகோல்கள் உள்ளன. தொல்லியல் இடங்கள் பெரும்பாலும் நான்காவதன் கீழ் வரும். பொதுவாக 50 ஆண்டுப் பழமையும், கலையாத தன்மையும் வேண்டும். தகுதி உண்டு என்றால் செலவும் தாமதமும் வரும் என்பதால், இல்லை என்ற விடையைத் திட்ட உரிமையாளர் விரும்புவது இயல்பு. அந்த விருப்பம் உங்கள் வாக்கியத்துக்குள் நுழையாதிருக்க ஒரு வழி உண்டு: இந்த இடம் எந்தக் கேள்விக்கு விடை தரக்கூடும், அதற்கான அடுக்கு இங்கே இருக்கிறதா என்று எழுதிய பின்பே தகுதியைப் பற்றி எழுதுவது. பண்ணை வீட்டு முற்றத்தில் நூறாண்டுப் பொருள்கள் கலந்து கிடந்தால் அவை சொல்வது குறைவு. அதே பண்ணையில் ஒரே தலைமுறையில் நிரம்பி மூடப்பட்ட கழிப்பறைக் குழி கிடைத்தால், அக்குடும்பம் எதை உண்டது, எந்த மருந்தை வாங்கியது, எதைத் தூக்கியெறிந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். உழுத நிலம் என்பதாலேயே தகுதியில்லை என்று எழுதாதீர்கள். உழவு ஆழத்துக்குக் கீழே அடுப்புக் குழிகளும் கம்பக் குழிகளும் தப்பியிருக்கலாம்.

தகுதியுள்ள இடம் பாதிக்கப்படும் என்றால், முழு அகழாய்வு செய்து தகவலை மீட்பது மூன்றாம் கட்டம். ஆனால் அதற்கு முன் பொறியாளரோடு உட்கார்ந்து தடத்தை நகர்த்த முடியுமா என்று கேளுங்கள். மின்கம்பத்தைச் சற்றுத் தள்ளி நட்டால் கம்பிகள் இடத்தின் மேலாகப் போய்விடும். மண் அப்படியே இருக்கும். அகழாய்வும் ஒருவகை அழிவே என்பதால், தோண்டாமல் விட்ட இடத்தை நான் பெரிய வெற்றியாக எண்ணுகிறேன்.

மனித எச்சம் என்று ஐயம் தோன்றிய கணத்திலேயே வேலையை நிறுத்துங்கள். மூடிவையுங்கள், காவல் வையுங்கள், மேலாளருக்குச் சொல்லுங்கள், படம் எடுக்காதீர்கள். மத்திய அரசு நிலத்திலும் பழங்குடி நிலத்திலும் 1990ஆம் ஆண்டின் பூர்வகுடிக் கல்லறைப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். தனியார் நிலத்தில் மாநிலச் சட்டம் பொருந்தும், பெரும்பாலும் முதலில் காவல்துறையோ மரண விசாரணை அதிகாரியோ வருவார். அங்கே புதைக்கப்பட்டவர்களை வழித்தோன்றல்களின் முன்னோராகவே நடத்துங்கள். ‘மாதிரி’ என்ற சொல் அங்கே வரவே கூடாது. இடங்களின் துல்லிய அமைவிடத்தையும் பொதுவெளியில் பகிராதீர்கள். புதையல் தேடிகள் உண்டு என்பதால், பொதுமக்களுக்கான அறிக்கைப் பிரதியில் அமைவிட வரைபடம் நீக்கப்பட்டே வெளிவரும்.

உடல்நலத்தில் அலட்சியம் வேண்டாம். தோண்டும் முன்பு 811 என்ற எண்ணை அழைத்து, நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் குறியிடச் செய்வது கட்டாயம். ஐந்தடி ஆழத்தைத் தொட்ட பள்ளத்தில், திடப் பாறையாக இருந்தாலன்றி, சுவர்ப் பாதுகாப்பு இல்லாமல் இறங்காதீர்கள். கிழக்கே உண்ணிக்கடியால் லைம் நோய் வரும். தினமும் மாலை உடலைச் சோதியுங்கள். தென்மேற்கில் மண்தூசியில் உள்ள பூஞ்சை நுரையீரலைத் தாக்கும். யூட்டாவின் டைனசோர் தேசிய நினைவிடத்தில் 2001இல் தொல்லியல் பணியில் ஈடுபட்டிருந்த 10 பேர் இவ்வாறு நோயுற்றார்கள். சல்லடை அருகே நிற்பவர் முகக்கவசம் அணிய வேண்டும் என்று வற்புறுத்துங்கள், புதியவராக இருந்தாலும்.

மேற்பார்வை நிலைக்கு உயர முதுநிலைப் பட்டம் தேவைப்படும். முதன்மை ஆய்வாளருக்கு, மத்திய அரசு நிலங்களையும் தேசியப் பூங்காக்களையும் கவனிக்கும் அமெரிக்க அமைச்சரான உள்துறைச் செயலரின் தகுதி நெறிகள் பொருந்த வேண்டும்: முதுநிலைப் பட்டம், குறைந்தது ஓராண்டு முழுநேரத் தொழில் அனுபவம், வட அமெரிக்கத் தொல்லியலில் நான்கு மாதமாவது மேற்பார்வையின்கீழ் பெற்ற களப் பயிற்சியும் பகுப்பாய்வுப் பயிற்சியும், ஆய்வை முடித்துக் காட்டிய திறன். இந்தியாவில் பெற்ற அகழாய்வு அனுபவம் எவ்வளவு ஆழமானதாயினும் அந்த நான்கு மாதத்தை ஈடுசெய்யாது. எனவே முதுநிலைப் படிப்பின்போதே கோடைகளை அதற்கென ஒதுக்குங்கள். ஆய்வேட்டுக்குப் புதிதாகத் தோண்ட இடம் தேடாமல், மாநிலக் காப்பகங்களில் பழைய திட்டங்களிலிருந்து வந்து ஆராயப்படாமல் பெட்டிகளில் கிடக்கும் தொகுப்புகளைக் கேளுங்கள். களக்குறிப்பு நன்றாக எழுதப்பட்ட பெட்டி ஒன்று கிடைத்தால் போதும், ஆய்வேட்டுக்கு வேண்டியது அதிலேயே இருக்கும்.