துப்பாக்கி வரலாற்றுப் புத்தகமா? முதலில் இஷாப்பூர் பக்கத்தைத் திறங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பொருள் கடை வைத்திருக்கிறேன். பித்தளைச் சாமான்களோடு சில சமயம் விரல் நீளத்தில் ஒரு குப்பியும் வரும். "அண்ணே, இது அத்தர் குப்பியா?" என்று கேட்பார்கள். அது பிரிட்டிஷ் ராணுவம் பயன்படுத்திய லீ என்ஃபீல்ட் ரைஃபிளின் அடிக்கட்டைக்குள் செருகி வைக்கும் எண்ணெய்க் குப்பி. பர்மா போய்வந்த வீடுகளின் ஆல்பங்களில் சிப்பாய் படங்களும் உண்டு. தோளில் இருப்பது எந்த ரைஃபிள் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் ராணுவ ரைஃபிள் வரலாற்றுப் புத்தகங்கள் வாங்க ஆரம்பித்தேன்.

லீ என்ஃபீல்டின் தோட்டா அளவான 303 நம் நாட்டில் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். கையில் வாங்கிப் புரட்டிப் பார்க்க முடியாது. புத்தகத்தில் இருப்பதை அப்படியே நம்ப வேண்டியிருக்கிறது. நல்ல புத்தகங்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன, விலையும் ஆயிரக்கணக்கில். ஆகவே பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் சில பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலோர் மறுப்பதில்லை.

முதலில் கேட்க வேண்டியது இஷாப்பூர் பற்றிய பக்கம். கொல்கத்தா பக்கத்தில் ஹூக்ளிக் கரையில் உள்ள அந்தத் துப்பாக்கித் தொழிற்சாலையை வெளிநாட்டு ஆசிரியர்கள் பலர் இரண்டு வரியில் கடந்துவிடுவார்கள். அங்கேதான் ஆசிரியரின் கவனம் தெரிந்துவிடும். 1962 சீனப் போருக்குப் பிறகு அங்கே 7.62 மி.மீ. தோட்டாவுக்காக 2ஏ, 2ஏ1 என்ற ரைஃபிள்கள் செய்தார்கள். பழைய 303இல் குழலை மட்டும் மாற்றியது என்று எழுதியிருந்தால் அந்தப் புத்தகம் வேண்டாம். உடல் பகுதியையே மேலான எஃகில் புதிதாகச் செய்தார்கள். தோட்டா அடுக்கும் பெட்டியான மேகசினிலும் 10க்குப் பதில் 12 தோட்டா. 2ஏ-வின் குறிபார்க்கும் பின்குறியில் தூரம் 2000 வரை பொறித்திருக்கும். 2ஏ1-இல் அதை 800ஆகக் குறைத்தார்கள். இந்த வித்தியாசம் வரை சொல்லியிருந்தால் நம்பலாம். லீ என்ஃபீல்டையே 410 தோட்டாவுக்கு மாற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடும்படி போலீசுக்குக் கொடுத்தார்களே, நம் ஊரில் மஸ்கட் என்று சொல்வது, அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது 1857 சிப்பாய்க் கலகம். அந்த ஆண்டு எல்லாச் சிப்பாய்களின் கையிலும் என்ஃபீல்ட் இருந்தது போல எழுதும் புத்தகங்கள் உண்டு. அது சரியில்லை. 1853 மாதிரி என்ஃபீல்ட் (பிற்காலத்து லீ என்ஃபீல்ட் வேறு) அப்போதுதான் டம்டம், அம்பாலா, சியால்கோட் பயிற்சி நிலையங்களுக்கு வந்து சேர்ந்திருந்தது. பெரும்பாலான சிப்பாய்கள் வைத்திருந்தது குழலுக்குள் வரிப்பள்ளம் இல்லாத பழைய வழுக்குக் குழல் மஸ்கட். ஒரு மாதிரியை அரசு ஏற்ற நாள் வேறு, தொழிற்சாலையில் செய்த நாள் வேறு, படைக்குக் கிடைத்த நாள் வேறு. மூன்றையும் பிரித்துச் சொல்கிறாரா என்று பாருங்கள். லீ என்ஃபீல்டில் 1916 ஜனவரியில் மேகசினை அடைக்கும் தகடு, நெடுந்தூரக் குறிகள் போன்றவற்றை நீக்கிய எளிய வடிவத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு செய்த ரைஃபிள்களிலும் பழைய பாகங்கள் தென்படும். இதையும் விளக்குபவரே ஆவணம் பார்த்து எழுதியவர்.

அப்புறம் அடிக்குறிப்புகள். பிரிட்டிஷ் போர் அலுவலகம் தளவாட மாற்றங்களைப் பத்தி எண் போட்டு வெளியிட்டு வந்தது. அந்த எண்களும், பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா அலுவலக ஆவணங்களும் குறிப்பில் வந்தால் தைரியமாக வாங்கலாம். வெறும் பிற புத்தகங்களின் பெயர் மட்டும் இருந்தால் யோசியுங்கள். ஒருவர் பிழையை அடுத்தவர் எழுத, அதை இன்னொருவர் எழுதியிருப்பார்.

படங்களில் முழு ரைஃபிளின் அழகான தோற்றம் நமக்கு அவ்வளவாகப் பயன்படாது. லீ என்ஃபீல்டில் அடிக்கட்டை இணையும் கழுத்தின் வலப்பக்கம் கிரீடம், அரச முத்திரை, ஆண்டு, மாதிரி எல்லாம் இருக்கும். அந்த இடம் எழுத்து எழுத்தாகத் தெரிய வேண்டும். போலிகளுக்குத் தனி அத்தியாயம் இருந்தால் விலை கூடினாலும் பரவாயில்லை. கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகள் செய்த, லீ என்ஃபீல்டுக்கு முந்தைய பிரிட்டிஷ் ரைஃபிளான மார்ட்டினி ஹென்றியின் நகல்களில் விக்டோரியா ராணியின் முத்திரைக்குக் கீழே 1901க்குப் பிந்தைய ஆண்டைப் பொறித்திருப்பார்கள். ராணி இறந்ததே 1901 ஜனவரியில். ஆங்கில N எழுத்து இடம் வலமாகத் திரும்பியிருக்கும். இதையெல்லாம் படத்தோடு காட்டும் புத்தகத்தை நான் பேரம் பேசாமல் வாங்குவேன்.

பழைய ராணுவக் கையேடுகளை ஸ்கேன் செய்து மங்கலாக அச்சடித்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். பல கையேடுகள் இணையத்தில் இலவசம், தேடிவிட்டு வாங்குங்கள். இரண்டாம் பதிப்பு என்றால் என்ன திருத்தினார்கள் என்று முன்னுரையில் பாருங்கள். வெறும் அட்டை மாற்றத்துக்குப் பணம் வேண்டாம்.

பழைய பிரதியானால் தைத்த கட்டா, பசை போட்டதா என்று கேளுங்கள். நம் ஊர் வெயிலில் பசை உதிர்ந்துவிடும், மழைக்காலத்தில் வழவழப்புத் தாள்கள் ஒட்டிக்கொள்ளும். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஒரு பெரிய நூலகத்தையே சேர்த்து வைத்த பூமி இது. வாங்கினால் பேணவும் வேண்டும்.

ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், உலக ரைஃபிள்கள் அனைத்தும் என்ற தடித்த படப்புத்தகத்தை விட்டுவிடுங்கள். லீ என்ஃபீல்ட் ஒன்றையே ஆராய்ந்த புத்தகத்தை வாங்குங்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் படத்துக்கும் குப்பிக்கும் அதில்தான் பதில் கிடைக்கும்.